தண்டனை கூடாரத்துக்கு, தப்பியது வண்டி: ஸ்காட்லாந்துக் கரைகளில் ஓர் உரிமை பட்ட பாடு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு மணல் விரிகுடாவில் கூடாரம் அடித்து இரவைக் கழிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த நிலம் ஜமீன் குடும்பத்துடையதா, அரசருடையதா, ஊர் அறக்கட்டளையுடையதா என்று விசாரிக்கவும் வேண்டியதில்லை. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. அதே பிரிட்டன் தீவின் தெற்கில், இங்கிலாந்தில், நிலைமை தலைகீழ். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் கடற்கரையில் கூடாரம் போட்டால் அது அத்துமீறல். எழுப்பிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே விதிவிலக்காக நிற்பது டார்ட்மூர் மேட்டுநிலத்தின் பொது மேய்ச்சல் பகுதி. அந்த உரிமையையும் விட்டுவைக்காமல் வழக்கு வந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உரிமை இல்லை என்றது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2025 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் உண்டு என்றே முடித்துவைத்தது.

இங்கிலாந்து ஒரு மேட்டுநிலத்துக்காக இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஸ்காட்லாந்து நாடு முழுவதற்கும் ஒரே சட்டத்தில் கதவைத் திறந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கரைகளில் என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். கூடாரக்காரர்கள் கரையை நாசமாக்கினார்கள், எனவே கட்டுப்பாடு வந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. நிலப்படத்தையும் சட்டப் புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. தொல்லை பெரும்பாலும் தார்ச்சாலையின் ஓரத்திலேயே இருந்தது. தண்டனை மட்டும் கூடாரத்தைத் தேடிப் போனது.

சட்டத்தில் உள்ளது

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2003-இல் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் முதல் பகுதி 2005 பிப்ரவரி 9 அன்று நடைமுறைக்கு வந்தது. மலை, காடு, ஏரி, ஆறு ஆகியவற்றோடு கடற்கரையும் அதன் வரம்பில் உண்டு. கடற்கரை என்று அது கூறுவது உயர்ந்த ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) தொடும் கோட்டுக்கும் தாழ்ந்த ஓதம் வடியும் கோட்டுக்கும் இடைப்பட்ட நிலத்தை. அந்தப் பட்டையில் ஏறக்குறைய பாதி அரச உடைமை. ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் பழைய நார்வீஜிய வழக்கப்படி கரையோர நிலத்துக்காரரின் உரிமை தண்ணீர் வடியும் கடைசி விளிம்பு வரை செல்லும். வழக்கறிஞருக்குச் சுவையான இந்தச் சிக்கல் எதுவும் முளையடிக்கிறவரைத் தொடுவதில்லை.

அவரைத் தொடுவது வேறு ஒரு சொற்றொடர். இந்த உரிமை, பொறுப்போடு பயன்படுத்தப்படும்போது மட்டுமே உரிமை. முதலில் உரிமை, பிறகு அறிவுரை என்ற அமைப்பு அல்ல இது. பொறுப்பு தவறிய கணத்தில் உரிமையே இல்லாமல் போகிறது. அங்கே பழைய சட்டம் ஒன்று விழித்துக்கொள்ளும்: அனுமதியின்றிப் பிறர் நிலத்தில் தங்குவதையும் தீ மூட்டுவதையும் குற்றமாக்கிய 1865-ஆம் ஆண்டின் அத்துமீறல் சட்டம். அது இன்றும் ரத்தாகவில்லை. புதிய சட்டப்படி நடப்பவரை அது தொடாது என்று மட்டும் திருத்தியிருக்கிறார்கள். ஆக ஒரே மணல்மேட்டில் பத்து மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு கூடாரங்களில் ஒன்று சட்டபூர்வமானது, மற்றது குற்றம் என்று ஆகலாம். வேறுபாடு கூடாரத்தில் இல்லை.

எது பொறுப்பு என்பதை விளக்க, வெளிநிலப் பயன்பாட்டு நெறிமுறை ஒன்றைச் சட்டத்தோடு சேர்த்தே வெளியிட்டார்கள். சுமை குறைவாக, சிறு குழுவாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மிகாமல் தங்க வேண்டும். பயிரோ கால்நடையோ உள்ள வேலியிட்ட வயலில் கூடாது. வீடு, சாலை, தொன்மைச் சின்னம் ஆகியவற்றிலிருந்து நன்கு தள்ளி இருக்க வேண்டும். குப்பை, தீயின் தடம், கூடாரம் நின்ற தடம் எதுவும் மிஞ்சக் கூடாது. இந்தப் பட்டியலில் பலரும் விரைந்து கடந்துவிடும் சொல் சாலை.

அதைவிடப் பலரும் படிக்காதது ஒன்பதாம் பிரிவு. இயந்திர வண்டியில் வருவதும் வண்டியோடு நிற்பதும் இந்த உரிமையில் சேராது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. கேம்பர்வேனில், அதாவது படுக்கை வசதியுள்ள வண்டியில், படுத்துறங்குவது எத்தனை சுகமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வைல்டு கேம்பிங், அதாவது திறந்த வெளியில் கூடாரமடித்துத் தங்குவது, அல்ல. 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமோ சாலையை விட்டு விலகி வண்டி ஓட்டுவதையே குற்றமாக்குகிறது. நிறுத்துவதற்காகச் சாலையிலிருந்து 15 கஜம் வரை விலகினால் அந்தக் குற்றம் பொருந்தாது என்று அதில் ஒரு சலுகை உண்டு. இந்தச் சலுகைதான் வாய்வழியாகத் திரிந்து, பதினைந்து கஜத்துக்குள் யார் நிலத்திலும் இரவு தங்கலாம் என்ற கட்டுக்கதையாகிவிட்டது. வழக்குப் போட மாட்டார்கள் என்பது ஒன்று, தங்க உரிமை உண்டு என்பது வேறொன்று.

நிலத்துக்காரர் பக்கமும் கடிவாளம் இருக்கிறது. பொறுப்போடு வருபவரைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டு அறிவிப்புப் பலகை வைக்கவோ, வேலி எழுப்பவோ அவருக்கு அதிகாரமில்லை. அகற்றச் சொல்லி உள்ளாட்சி மன்றம் உத்தரவிடலாம். கரையோரங்களில் காணும் 'கூடாரம் அடிக்காதே' பலகைகள் பலவற்றின் சட்ட பலம் அவற்றின் மரச்சட்டத்தின் பலத்தைவிடக் குறைவு.

ரவர்டென்னன் சாலை

முதல் சோதனை கடலில் வரவில்லை. கிளாஸ்கோ நகரத்திலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் வந்தது. அங்கே சிறுசிறு கூழாங்கல் கரைகள், மணல் விரிகுடாக்கள். பல்மாஹா கிராமத்தைத் தாண்டி ஏரியை ஒட்டியே போகும் ஒற்றைச் சாலை ரவர்டென்னனில் முடிந்துவிடும். அதற்கப்பால் நடைபாதைதான். கோடை வார இறுதிகளில் வெயில் அடித்தால் அந்தச் சாலை நிரம்பி வழியும். வண்டியின் பின்கதவைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் கரை. பீர்ப் பெட்டிகள், மலிவுக் கூடாரம், ஒலிபெருக்கி, வெட்டிய பச்சை மரம், மறுநாள் அப்படியே விட்டுப்போன சாமான்கள். பல ஆண்டுகள் இதே கதை. அங்கே குடியிருந்தவர்களின் எரிச்சல் முற்றிலும் நியாயமானது.

2011-இல் மூன்று மருந்துகள் ஏறக்குறைய ஒன்றாகக் கொடுக்கப்பட்டன. லோமண்ட் ஏரி அடங்கிய தேசியப் பூங்காவின் ஆணையம் கூடாரத்தைக் கட்டுப்படுத்தும் துணைவிதியைக் கொண்டுவந்தது. சாலையோரம் வண்டி நிறுத்தத் தடை வந்தது. பொது இடத்தில் மது அருந்தவும் தடை வந்தது. போலீஸ் ரோந்தும் கூடியது. கரை அமைதியானது. உடனே, கூடாரத் தடை வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

காய்ச்சல்காரருக்குக் கஷாயம், மாத்திரை, ஊசி மூன்றையும் கொடுத்துவிட்டுக் கஷாயம்தான் குணமாக்கியது என்று சாதிப்பது போன்ற வாதம் இது. மலையேறிகளின் சங்கமும் நடைப்பயணிகளின் சங்கமும் இதைத்தான் கேட்டன: வண்டி நிறுத்தமும் மதுவும் தடுக்கப்பட்டபின் கூடாரத் தடைக்கு என்ன வேலை? குப்பை போடுவது, மரம் வெட்டுவது, மிரட்டுவது எல்லாம் ஏற்கெனவே குற்றம்தானே? பதில் திருப்தியாக வரவில்லை. துணைவிதி சுருங்குவதற்குப் பதில் விரிந்தது. 2017 மார்ச் 1 முதல் பூங்காவின் நான்கு வட்டாரங்களில், ஆண்டுதோறும் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை, அனுமதிச்சீட்டு இல்லாமல் கூடாரம் அடிப்பது குற்றம். அபராதம் 500 பவுண்டு வரை. சீட்டின் தொடக்க விலை கூடாரத்துக்கு ஓர் இரவுக்கு 3 பவுண்டு.

மொத்தப் பூங்காவில் இது சுமார் 4 விழுக்காடு நிலம்தான் என்று ஆணையம் சொல்கிறது. கணக்கு சரி. ஆனால் கரடுமுரடான மலைச்சரிவை நீக்கிவிட்டு, தண்ணீரோரமாகச் சமதளமும் பாதையும் உள்ள இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த 4 விழுக்காட்டின் கனம் கூடிவிடும். மில்கையிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை 96 மைல் நடக்கும் வெஸ்ட் ஹைலேண்ட் வே பயணிகள் இந்தக் கரை வழியாகத்தான் போகிறார்கள். முதுகில் மூட்டையோடு மாலையில் வந்து விடியலில் கிளம்பும் அவர்களிடம் யாருக்கும் புகார் இருந்ததில்லை. விதியின் பிடியில் அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இந்த நிகழ்வில் நான் காணும் முதன்மையான பிழை இதுதான்: தீங்கான செயலைக் குற்றமாக்குவதற்குப் பதிலாக, அந்தச் செயலின் பக்கத்தில் நின்றிருந்த பொருளைக் குற்றமாக்கினார்கள். கூடாரத்தை எண்ணுவது எளிது, நடத்தையை எண்ணுவது கடினம் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

வடகோடியில் இரண்டு கரைகள்

இனி கடலுக்குப் போகலாம். 2015-இல் வடக்கு ஸ்காட்லாந்தைச் சுற்றிவரும் 516 மைல் சாலைக்கு 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயரிட்டு விளம்பரப்படுத்தினார்கள். சாலை ஏற்கெனவே இருந்ததுதான், பெயர்தான் புதிது. அதில் கணிசமான பகுதி ஒரே தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கக் குறுகிய இடங்கள் உண்டு. அந்த ஒதுங்கிடங்களிலேயே கேம்பர்வேன்கள் இரவு தங்கத் தொடங்கின.

அந்த வட்டாரத்தில் இரண்டு கரைகளை ஒப்பிடுவது பயன்தரும். ஒன்று அக்மெல்விக். வெள்ளை மணல், பச்சை நீர், சாலை வந்து முடியும் இடத்தில் வண்டி நிறுத்துமிடம், பக்கத்திலேயே கட்டணக் கூடாரத் தளம். மற்றொன்று சாண்ட்வுட் விரிகுடா. ஒன்றரை மைல் நீள மணல், தென்கோடியில் கடலுக்குள் தனியே நிற்கும் பாறைத்தூண். 1993 முதல், இயற்கை நிலங்களைப் பாதுகாக்கும் ஜான் மியூர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே சாலை கிடையாது. பிளேர்மோர் என்ற சிற்றூரில் வண்டியை விட்டுவிட்டுச் சதுப்பு நிலத்தின் ஊடே நாலு மைல் நடக்க வேண்டும்.

இரண்டிலும் ஒரே சட்டம்தான். சாண்ட்வுட்டுக்கும் ஆட்கள் வருகிறார்கள், கூடாரமும் அடிக்கிறார்கள், தீ மூட்டிய கருவட்டங்களும் அவ்வப்போது மிஞ்சுகின்றன. ஆயினும் மடக்கு நாற்காலியையும் பீர்ப் பெட்டியையும் நாலு மைல் சுமக்க யாருக்கும் மனம் வருவதில்லை. போகும்போது சுமந்தது எவ்வளவோ அவ்வளவுதான் குப்பையாக முடியும். அந்த நாலு மைல் எந்தத் துணைவிதியாலும் செய்ய முடியாத வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

2020 கோடையில் இந்த வேறுபாடு பூதாகரமாகத் தெரிந்தது. கொரோனா முடக்கத்துக்குப் பின் ஜூலை தொடக்கத்தில் பயணத் தடை விலகியது. வெளிநாடு போக வழியில்லாத கூட்டம் உள்நாட்டுக் கரைகளுக்குத் திரும்பியது. கட்டணத் தளங்கள் பல முழுதாகத் திறக்கவில்லை, பொதுக் கழிப்பறைகள் பல இடங்களில் பூட்டிக் கிடந்தன. சாலையோரக் கரைகளில் மலமும் ஈரத்துடைப்பான்களும், முளைகூடப் பிடுங்காமல் விட்டுச்சென்ற கூடாரங்களும் பத்திரிகைப் படங்களாயின. 'டர்ட்டி கேம்பிங்' என்ற பெயர் பரவியது. பழக்கமில்லாத கூட்டம், பூட்டிய கழிப்பறை, கைக்கெட்டிய கரை: மூன்றும் சேர்ந்த விளைவை ஒரு சட்டத்தின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. இதே சட்டம்தான் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளும் இருந்தது.

முளையை எங்கே அடிப்பது

வண்டியைக் குறை சொல்லிவிட்டதால் நடந்து வருபவர் தப்பிவிடுகிறார் என்று பொருளல்ல. கடற்கரையில் பொறுப்போடு தங்குவது மலையில் தங்குவதைவிடக் கடினம். காரணம், இடம் மிகக் குறைவு. பரந்த மணலைப் பார்த்தால் நம்பத் தோன்றாது. தண்ணீரிலிருந்து மேலேறிப் பார்த்தால் புரியும்.

முதலில் ஈரமணல். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் 4 மீட்டரைத் தாண்டும். மாலையில் அரை மைல் தொலைவில் கிடந்த கடல் நள்ளிரவில் காலடிக்கு வரும். கடைசி ஓதம் விட்டுச்சென்ற கடற்பாசிக் கோடுதான் எல்லை என்று நம்புவதும் ஆபத்து. ஓதம் நாளுக்கு நாள் உயரும் வாரமாக இருந்தால் இன்றைய கோட்டை நாளைய நீர் தாண்டிவிடும். ஓத அட்டவணை பார்க்காமல் மணலில் படுப்பது வீரமல்ல.

அந்தப் பாசிக் கோட்டுக்குச் சற்று மேலே, காய்ந்த மணலும் சரளையும் கலந்த குறுகிய பட்டை. கூடாரத்துக்குக் கச்சிதமான இடம் என்று கண் சொல்லும். உப்புக்கொத்திக்கும் சிப்பி பிடிப்பானுக்கும் அவற்றின் கண் அதையே சொல்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை இவை கூடு என்று எதுவும் கட்டாமல், சரளையில் லேசாகக் குழி பறித்து முட்டையிடுகின்றன. முட்டை கூழாங்கல் நிறம், மிதித்தபின்தான் தெரியும். மிதிக்காவிட்டாலும் கேடு உண்டு. இருபது மீட்டர் தள்ளிக் கூடாரம் நின்றால் தாய்ப்பறவை முட்டைக்குத் திரும்பாமல் சுற்றிச் சுற்றிக் கத்தும். இரவுக் குளிரில் முட்டை விறைத்துவிடும். கூடாரத்தைச் சுற்றிப் பறவை விடாமல் கூவுவதை இயற்கையின் வரவேற்பு என்று படமெடுப்பவர்கள் உண்டு. அது விரட்டல். கேட்டதும் இடத்தை மாற்றிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் முட்டையுள்ள கூட்டை அலட்சியத்தால் அழிப்பதும் குற்றம். சிறு ஆலா போன்ற சில இனங்களைக் கூட்டருகே தொந்தரவு செய்வதே குற்றம்.

அதற்கும் மேலே மணல்மேடு. அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது மேரம் என்னும் முரட்டுப் புல்லின் வேர். காலடிப் பாதை விழுந்து அந்த வேர் அறுந்தால் காற்று அந்த வாயைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். மேட்டில் முளையடிப்பதும் குழி வெட்டுவதும் தவிர்க்க வேண்டியவை.

மேட்டைத் தாண்டி இறங்கினால் மாக்கர். ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றின் வடமேற்குக் கரைகளில் மட்டும் காணப்படும் நிலவகை இது. சிப்பித்தூள் கலந்த மணலைக் காற்று நூற்றாண்டுகளாக உள்ளே கொண்டுவந்து கொட்ட, அதன்மேல் மெல்லிய புல்தரை படர்ந்திருக்கிறது. ஜூனில் பூத்துக் குலுங்கும். பார்ப்பவர் புல்வெளி என்று நினைப்பார். உண்மையில் அது யாரோ ஒருவரின் வயல் அல்லது ஊர் மேய்ச்சல் நிலம். மேற்குக் கடலிலுள்ள யூயிஸ்ட் தீவுகளில் சிறு குத்தகை விவசாயிகள் அதில் ஓட்ஸும் ரை என்னும் தானியமும் உருளைக்கிழங்கும் முறைவைத்துப் பயிரிடுகிறார்கள். தரிசு போலக் கிடப்பது ஓய்வில் விட்ட துண்டாக இருக்கலாம். ஆள்காட்டியும் பவளக்காலியும் கருவயிற்று உள்ளானும் அங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன. பவளக்காலி நமக்குப் புதிதல்ல. அதே இனம் குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றிலும் இரை தேடும். மாக்கரில் தீ மூட்டினால் கருகுவது புல் மட்டுமல்ல. மேல்தோல் போய் அடிமணல் வெளியே வந்துவிடும். ஒரு வண்டி ஏறி இறங்கினாலும் அதே கதை.

அப்படியானால் எங்கேதான் தங்குவது? குட்டையாக மேயப்பட்ட, வேலியில்லாத, பறவை கூவாத, வீட்டிலிருந்து பார்வைக்கு மறைந்த புல் திட்டு. ஆகஸ்டுக்குப் பிறகு உயர் ஓதக் கோட்டுக்கு மேலுள்ள வெறும் மணலும் நல்லது. அதிலும் ஒரே இரவு. நெறிமுறை மூன்று இரவு வரை அனுமதித்தாலும் மாக்கர் ஓரத்தில் அது எனக்கு அதிகமாகவே படுகிறது. கூடாரத்தின் அடித்துணி மூன்று நாள் மூடிய இடத்தில் புல் வெளுத்துவிடும்.

காற்றோடு சமரசம் தேவை. கோடையில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கூட்டம் கூட்டமாகக் கடிக்கும். ஓரளவு காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது. ஆகவே எல்லோரும் காற்று வீசும் திறந்த மேட்டைத் தேடுகிறார்கள், அதாவது சேதமாகக்கூடிய இடத்தையே. வலைத்தொப்பி அணிந்து தாழ்வான இடத்தில் படுப்பது அழகான யோசனையல்ல, பொறுப்பான யோசனை.

தீ வேண்டுமென்றால் உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே, வெறும் மணலில் அல்லது சரளையில், சிறியதாக. அடுத்த ஓதம் மிச்சத்தைக் கழுவிவிடும். வறண்ட காலத்தில் அதுவும் கூடாது. சிறிய கேஸ் அடுப்பு போதும். வேலிக்கம்பத்தை விறகாக்குபவரைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை, ஆனால் அது நடக்கிறது. கரை ஒதுங்கிய கடற்பாசியையும் தொடாமல் விடுவது நல்லது. அதிலுள்ள பூச்சிகள்தான் கரைப்பறவைகளின் உணவு. மக்கியபின் அதை மாக்கர் வயலுக்கு உரமாக அள்ளிச்செல்லும் விவசாயியும் இருக்கிறார்.

மலம் பற்றிப் பேசக் கூச்சப்படுபவர்கள்தான் அதைப் புதைக்காமல் விட்டுச்செல்கிறார்கள் என்பது என் சந்தேகம். நெறிமுறை தெளிவாகவே இருக்கிறது: சிறுநீருக்குக்கூட ஓடையிலிருந்து 30 மீட்டர் தள்ளிப் போக வேண்டும், மலத்தை நீரிலிருந்தும் வீட்டிலிருந்தும் இயன்ற அளவு தொலைவில் குழியில் புதைத்துப் புல்லை மூட வேண்டும். ஹைலேண்ட் பகுதியில் குழாய்நீர் எட்டாத வீடுகளுக்கு அந்த ஓடைதான் குடிநீர். மணலில் புதைப்பதோ பயனற்றது. காற்று ஒரு வாரத்தில் தோண்டி எடுத்துவிடும். காகிதத்தையும் துடைப்பானையும் பையில் கட்டி எடுத்துவருவதே சரி.

2021-க்குப் பின்

வடக்கு ஸ்காட்லாந்தின் உள்ளாட்சியான ஹைலேண்ட் மன்றம் 2021 முதல் கோடைக்காலக் கள அலுவலர்களை நியமித்தது. பெரும்பாலும் பேச்சே அவர்களின் ஆயுதம்: கருகிய வட்டங்களைக் கலைப்பார்கள், குப்பை அள்ளுவார்கள், தங்கியிருப்பவரோடு பேசுவார்கள். ஹாரிஸ் தீவில் 2010-இல் நிலத்தை விலைக்கு வாங்கிய ஊர் அறக்கட்டளை வேறு வழி பிடித்தது. தன் நிலத்தில் கேம்பர்வேன்களுக்குச் சில இடங்களை ஒதுக்கி, இரவுக்குக் கட்டணம் வாங்குகிறது. வண்டியை வண்டியாகப் பார்த்து, அதற்கு ஓர் இடமும் விலையும் வைத்த ஏற்பாடு இது. லோமண்ட் ஏரிக்கரையில் இருபது ஆண்டு வாக்குவாதத்தில் கிடைக்காத தெளிவு இதில் இருக்கிறது.

அரசு அந்தத் தெளிவைப் பின்பற்றவில்லை. 2024-இல் வந்த சுற்றுலா வரிச் சட்டம், இரவுத் தங்கலுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. கட்டணம் வாங்கித் தங்கவைப்பவரிடம்தான் அதை வசூலிக்க முடியும். ஒதுங்கிடத்தில் இலவசமாக நிற்கும் கேம்பர்வேனுக்கு வசூலிப்பவரே இல்லை. எனவே மன்றம் இந்த வரியைக் கொண்டுவரும் ஊரில், பதிவு செய்து, பணம் கட்டி, கழிப்பறையுள்ள தளத்தில் கூடாரம் போடுபவர் வரி கொடுப்பார். வெளியே சாலையோரத்தில் நிற்கும் வண்டி கொடுக்காது.